மூடுவதா, விடுவதா, ஊரைக் கேட்பதா: மதுக்கடை பற்றி ஒரு ஒப்பீடு

2016 சட்டமன்றத் தேர்தல் நேரம். தி.மு.க. முழு மதுவிலக்கு என்றது. அ.தி.மு.க. படிப்படியாக என்றது. பா.ம.க. முதல் கையெழுத்தே அதற்குத்தான் என்றது. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் முழு மதுவிலக்குக்காக வாதாடிக்கொண்டிருந்தேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த சித்தி தலையைத் தூக்காமலே கேட்டார்: “இங்க மூடுனா உங்க சித்தப்பா பாண்டிக்குப் போவாரு. பாண்டியையும் சேத்து மூடுவாங்களா?”

எனக்குப் பதில் வரவில்லை. எங்கள் ஊர் கடலூர்ப் பக்கம். கடலூரிலிருந்து புதுச்சேரி சாலையில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் எல்லை வந்துவிடும். தாண்டியதும் கன்னியக்கோயில். அங்கே சட்டம் வேறு, விலை வேறு. பாண்டிச் சரக்கு இரு சக்கர வண்டியின் இருக்கைக்கு அடியிலும் மீன் கூடையிலும் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அதை மறந்துவிட்டுத்தான் நான் பேசியிருக்கிறேன்.

அன்றிலிருந்து மது பற்றிய எந்த யோசனையைக் கேட்டாலும் ஒரு கேள்வியை முதலில் வைத்துப் பார்க்கிறேன். இது நடைமுறைக்கு வந்த மறுநாள் காலை, ஏற்கெனவே குடிப்பழக்கத்தில் இருக்கும் ஆளுக்கு என்ன ஆகும்? அவர் வீட்டுப் பெண்ணுக்கு என்ன ஆகும்? டிவி விவாதங்களில் இந்தக் கேள்விக்கு நேரம் கிடைப்பதில்லை. ஒருவர் “மூடு” என்கிறார், இன்னொருவர் “மூடினால் கள்ளச்சாராயம் ஓடும்” என்கிறார். இரண்டுமே உண்மையின் ஒரு பகுதி. அதனால் நம் முன் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்தக் கேள்வியில் நிறுத்திப் பார்க்கலாம்.

முழு மதுவிலக்கு

இதை நாம் செய்து பார்க்காத விஷயம்போலச் சிலர் பேசுகிறார்கள். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. ஓமந்தூரார் காலத்தில், 1948இல், அது மாகாணம் முழுவதுக்கும் பரவியது. 1971இல் கருணாநிதி அரசு தளர்த்தியது. 1974க்குள் அந்த அரசே மீண்டும் மூடியது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் கள்ளும் சாராயமும் மறுபடி வந்தன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டது. 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003 நவம்பரில் ஜெயலலிதா அரசு சில்லறை விற்பனையையும் டாஸ்மாக் கையில் கொடுத்தது. இத்தனைக்கும் நடுவில், இன்றும் மது விற்பனை எந்தச் சட்டத்தின் கீழ் நடக்கிறது என்று பார்த்தால், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ்தான்.

ராஜாஜி செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பலருக்குத் தெரியாது. கள், சாராய வருமானம் போனால் அரசு எப்படி நடக்கும் என்ற கேள்வியை அவர் தள்ளிப்போடவில்லை. 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். கடைக்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டுதான் கொண்டுவந்தார். மதுவிலக்கை நேர்மையாகப் பேசுகிற யாரும் இந்த இரண்டாவது பாதியையும் பேச வேண்டும்.

இன்று அந்த இரண்டாவது பாதிதான் கடினம். 2017இல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாநிலம் தன் விருப்பப்படி வரி போடக்கூடிய பொருள்கள் மிகக் குறைந்துவிட்டன. பெட்ரோல், டீசல், மது, பத்திரப் பதிவு, வண்டிகள். குடிக்கும் மது ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கிறது. 2003-04இல் டாஸ்மாக் வழியாக வந்த வருமானம் சுமார் 3,600 கோடி ரூபாய். 2023-24இல் அது 45,855 கோடி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயோடு வைத்துப் பார்த்தால் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். 1939இல் ராஜாஜிக்கு இருந்த கதவு இன்றைய முதலமைச்சர் யாருக்கும் இல்லை. பேராசை ஒன்றுதான் கடையைத் திறந்து வைத்திருக்கிறது என்று சொல்வது எளிது. இந்த வரிக் கணக்கையும் பார்த்துவிட்டுச் சொன்னால்தான் அது நியாயமான வாதம்.

சரி, பணத்தை விடுவோம். மக்களுக்கு என்ன ஆகும்? பிகாரைப் பார்க்கலாம். 2016 ஏப்ரலில் அங்கே முழு மதுவிலக்கு வந்தது. கேட்டது பெண்கள்; முதலமைச்சராக இருந்த நிதிஷ் குமார் அந்தப் பெண்களுக்குக் கொடுத்த வாக்கு அது. 2024இல் லான்செட் குழும மருத்துவ இதழ் ஒன்றில் வந்த ஆய்வு, அந்தத் தடையால் சுமார் 21 லட்சம் குடும்ப வன்முறைச் சம்பவங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று மதிப்பிட்டது. மதிப்பீடுதான். ஆனாலும் என்னால் அதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. “மதுவிலக்கு எங்கேயும் பலன் தராது” என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இந்த எண்ணோடு கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

அதே பிகாரில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் கைதானார்கள், பெரும்பாலும் ஏழைகள். நீதிமன்றங்களில் ஜாமீன் மனுக்கள் குவிந்ததை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த என்.வி. ரமணாவே 2021இல் குறையாகச் சொன்னார். 2022இல் சட்டத்தைத் திருத்தி, முதல் தடவை பிடிபட்டவரை அபராதத்தோடு விடலாம் என்று மாற்றினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சாரண் மாவட்டத்தில் விஷச்சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். 1960 முதல் மதுவிலக்கில் இருக்கும் குஜராத்திலும் 2009இல் அகமதாபாத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர், 2022இல் போட்டாத் பகுதியில் 40க்கும் மேற்பட்டோர் என்று சாவு வந்தது. ஆந்திராவில் 1995இல் என்.டி.ஆர். கொண்டுவந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்ந்தது. ஹரியானாவில் 1996இல் வந்தது, 1998இல் போய்விட்டது.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் காலை என்ன ஆகும்?

இதை நான் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். சித்தப்பா ஒரு முறை கோயிலில் சத்தியம் செய்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினார். பதினைந்து வருடப் பழக்கம். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தார். இரண்டாம் நாள் காப்பி டம்ளரைப் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்கியது. சட்டை முழுக்க வேர்வை. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று துடைக்க ஆரம்பித்தார். சுவரில் ஒன்றும் இல்லை. விடியும் முன் வலிப்பு வந்துவிட்டது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர், தயமின் ஊசியை ஏற்றிக்கொண்டே சொன்னார்: “ரொம்ப நாளா குடிக்கிறவங்கள திடீர்னு நிறுத்த வைக்கக் கூடாதுங்க. மருந்து கொடுத்து, பக்கத்துல இருந்து பாத்து, மெதுவா இறக்கணும். இல்லன்னா உயிரே போயிடும்.”

சத்தியம் செய்யச் சொல்லிச் சித்தியே தான் கோயிலுக்குக் கூட்டிப் போயிருந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுததை என்னால் மறக்க முடியாது. நல்லது நினைத்துச் செய்தவருக்கு இந்த விவரத்தைச் சொல்ல அதுவரை ஒருத்தரும் இல்லை.

மாநிலம் முழுவதும் ஒரே நாளில் கடைகள் மூடப்பட்டால் எப்படி இருக்கும் என்பதை 2020 மார்ச்சில் ஊரடங்கு காட்டியது. நிறையக் குடும்பங்கள் அந்த வாரங்களில் நிம்மதியாகத் தூங்கின, அதை நானே கேட்டிருக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டம் கோட்டைப்பட்டினத்தில் சவர லோஷனைக் குடித்து மீனவர்கள் இறந்ததும் அதே வாரங்களில்தான். மே 7 அன்று கடை திறந்தபோது ஒரே நாளில் 170 கோடி ரூபாய் அளவுக்கு விற்றது. ஆறு வாரம் மூடியிருந்தும் பழக்கம் அப்படியே காத்திருந்திருக்கிறது.

ஆக, முழு மதுவிலக்கு வீட்டுப் பெண்களுக்கு உண்மையாகவே நன்மை தரக்கூடியது; அதைக் கொண்டுவரும் விதத்தில் ஆள் சாகக்கூடியது. எங்கள் மாவட்டம் மாதிரி எல்லையில் இருக்கும் இடங்களில் அந்த நன்மையும் பாதிதான் வந்து சேரும். ஒரு பக்கம் புதுச்சேரி, ஒரு பக்கம் கர்நாடகம், ஆந்திரம், கேரளம். சுற்றிலும் திறந்த கதவு.

இருப்பது இருக்கட்டும் என்றால்

இன்றைய நிலைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் முக்கியமான வாதம், கடை இருப்பதால் கள்ளச்சாராயம் இல்லை என்பது. அந்த வாதத்தைக் கள்ளக்குறிச்சி உடைத்துவிட்டது. 2024 ஜூனில் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தைக் குடித்து 65க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர். அந்த நாள்களில் டாஸ்மாக் கடைகள் திறந்துதான் இருந்தன. எங்கள் மாவட்டத்துப் பண்ருட்டியில் 2001இல் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் மாநிலத்தில் மது விற்பனை சட்டப்படி நடந்துகொண்டுதான் இருந்தது.

காரணம் விலையில் இருக்கிறது. கள்ளக்குறிச்சி நேரத்தில் கடையில் கிடைத்த மலிவான குவார்ட்டர் (180 மில்லி பாட்டில்) சுமார் 140 ரூபாய். பாக்கெட் சாராயம் அறுபது ரூபாய் அளவில். மூட்டை தூக்குபவர், கட்டட வேலைக்குப் போகிறவர், வேலை கிடைக்காத நாளில் எதை வாங்குவார்? விலையை ஏற்றினால் குடி குறையும் என்பது பொதுவாகச் சரியான கொள்கைதான். ஆனால் பக்கத்துத் தெருவில் பாக்கெட் கிடைக்கும்போது ஏறுகிற ஒவ்வொரு பத்து ரூபாயும் கடைசிப் படியில் நிற்பவரைப் பாக்கெட் பக்கம் தள்ளுகிறது. பாக்கெட்டைத் தடுக்கும் காவலர் ஊருக்குள் இல்லாமல் விலையை மட்டும் ஏற்றுவது ஆபத்து.

அந்த 140 ரூபாயை இன்னொரு பக்கம் வைத்துப் பாருங்கள். தினமும் ஒரு குவார்ட்டர் என்றால் மாதம் 4,200. அப்போது மகளிர் உரிமைத் தொகையாக ஒரு குடும்பத் தலைவிக்கு அரசு மாதம் தந்தது 1,000. நான் அந்தத் திட்டத்தை மதிக்கிறேன். சித்தி அந்தப் பணத்தில் சீட்டுக் கட்டுகிறார். ஆனால் ஒரே வீட்டில் ஒரு கை ஆயிரம் கொடுத்து இன்னொரு கை நாலாயிரத்தை எடுக்கிறது என்றால், அந்த வீட்டின் மாதக் கணக்கு எப்படி நேராகும்?

படிப்படியாகக் குறைக்கிறோம் என்ற பேச்சும் இதே கூட்டில் வருகிறது. 2016இல் 500 கடைகள் மூடப்பட்டன, 2017இல் 500, 2023இல் 500. ஆயிரத்து ஐந்நூறு கடைகள் சின்ன எண் கிடையாது. ஆனால் வருமானம் ஏறியபடியே இருந்தது. விலை ஏறியதும் அதற்கு ஒரு காரணம்தான். என்றாலும் மூடிய கடையின் ஆள்கள் அடுத்த கடைக்கு நடந்தார்கள் என்பதை எந்த ஊர்க்காரரும் சொல்வார். கடை எண்ணிக்கையைக் குறைப்பதைக் குடியைக் குறைப்பதாகக் காட்டக் கூடாது.

கேரளா 2014இல் இன்னொரு விதமாக முயன்றது. ஐந்து நட்சத்திர ஓட்டல்கள் தவிர மற்ற பார்களை மூடினார்கள். அரசுக் கடைகள் முன் வரிசை நீண்டது, பீர், ஒயின் விற்பனை ஏறியது, 2017இல் அடுத்த அரசு கொள்கையை மாற்றியது. அதற்கு மேல் அதில் நாம் கற்றுக்கொள்ள அதிகம் இல்லை.

கள்ளை அனுமதித்தால்

இது என் மனசுக்கு நெருக்கமான யோசனை, அதனாலேயே கொஞ்சம் எச்சரிக்கையாகப் பேசுகிறேன். பனை நம் மாநில மரம். மரம் ஏறுபவர் காலையும் மாலையும் ஏறிப் பாளையைச் சீவிக் கலயம் கட்டுகிறார். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர், அதைத் தெருவில் கூவி விற்கலாம். தடவாவிட்டால் அதே சாறு தானாகப் புளித்துக் கள் ஆகும், அதற்காக வழக்குப் போடுவார்கள். ஒரு விரல் சுண்ணாம்பில் தொழிலாளி குற்றவாளி ஆகிவிடுகிறார். பக்கத்தில் கேரளத்தில் இது சட்டப்படியான தொழில்.

கள்ளின் போதை பொதுவாக ஐந்து சதவீதத்தைச் சுற்றி. கடைச் சரக்கில் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால், ஒரு குவார்ட்டரில் உள்ள ஆல்கஹாலைக் கள்ளில் எடுக்க ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டும். அதனால் உள்ளே போகும் ஆல்கஹால் குறைந்தால் ஈரலுக்குக் கேடும் குறையும். பணமும் பெரிய சாராய ஆலைக்குப் போகாமல் மரம் ஏறுபவர் வீட்டுக்குப் போகும்.

எச்சரிக்கை எங்கே என்றால், கள் மரத்தில் இருக்கும்வரைதான் கள். லாரியில் ஏறிவிட்டால் அதற்குள் என்ன கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேரளத்தில் 2010இல் மலப்புறம் பகுதியில் கலப்படக் கள் குடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெலங்கானாவில் தூக்க மருந்தைக் கலந்த கள்ளால் பழக்கத்துக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்தவர்கள் உண்டு. தேவை கூடினால் மரம் போதாது; அப்புறம் கலப்படப் பவுடர் வரும். அதனால் கள் வேண்டும் என்றால் அதைத் தோப்பிலேயே, ஏறியவர்களின் கூட்டுறவுச் சங்கம் வழியாக, அன்றன்றைக்கு மட்டும் விற்கும் ஏற்பாடாக ஒன்றிரண்டு மாவட்டத்தில் தொடங்கிப் பார்க்கலாம். தூத்துக்குடியும் ராமநாதபுரமும் அதற்குப் பொருத்தமானவை.

ஆனால் என் கேள்வியில் நிறுத்தினால், கள் பதில் சொல்லுவது வேறொரு ஆளுக்கு. இனிமேல் குடிக்கத் தொடங்குபவருக்கும் எப்போதாவது குடிப்பவருக்கும் அது மாற்று. சித்தப்பா மாதிரி காலை எட்டு மணிக்கே கை நடுங்குகிறவருக்குக் கள் மாற்று ஆகாது. கள்ளைத் தொழிலாளியின் உரிமையாகப் பேசுவோம், அது சரி. குடிநோய்க்கு மருந்தாகப் பேச வேண்டாம்.

ஊரைக் கேட்டால்

நம் ஊர் விவாதங்களில் ஏனோ இந்த வழி ஓரத்திலேயே நிற்கிறது. ஆனால் இதற்காகத்தான் நம் மக்கள் அதிகம் தெருவில் நின்றிருக்கிறார்கள். காந்தியவாதி சசிபெருமாள் 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். வாழ்க்கை முழுக்க அவர் கேட்டது முழு மதுவிலக்கு. அன்று அந்தக் கோபுரத்தில் ஏறியது ஒரே ஒரு கடையை அங்கிருந்து அகற்றச் சொல்லி. 2017இல் நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டு, பல ஊருக்குள் நகர்ந்தபோது, பெண்கள் கடைகளின் முன்னால் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி உட்கார்ந்தவர்களுக்கு அடி விழுந்ததை நாடே பார்த்தது. “எங்கள் தெருவில் வேண்டாம்” என்று சொல்லும் உரிமையைத்தான் அவர்கள் கேட்டார்கள். இன்றைய விதிகளின்படி பள்ளிக்கும் கோயிலுக்கும் நகர்ப்புறத்தில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளி இருந்தால் கடை சட்டப்படி சரி. ஊர் மக்கள் ஓட்டுப் போட்டுக் கடையை மூட அதில் வழி இல்லை.

ஒரு ஆகஸ்ட் 15 கிராம சபை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊர். கொடியேற்றி ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து முடித்ததும், வழக்கமாக ஆண்கள் கலைந்துவிடுவார்கள், தீர்மானப் புத்தகம் ஆபீஸுக்குள் போய்விடும். அன்று நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர் எழுந்திருக்கவில்லை. கடையை எடுக்கும் தீர்மானத்தை எழுதினால்தான் போவோம் என்றார்கள். எழுதப்பட்டது. மை டப்பாவில் பெருவிரலை அழுத்தி ஒவ்வொருவராக வைத்தார்கள். ஒரு பாட்டிக்குச் செங்கல் சூளை வேலையில் ரேகையே தேய்ந்துபோயிருந்தது, மூன்று முறை அழுத்தியும் வெறும் நீலக் கறையாகத்தான் விழுந்தது. “இது என் கைதான்னு நீங்களே எழுதிக்குங்க சாமி” என்றார். அந்தத் தீர்மானம் மேலே போனது. கடை அங்கேயே இருந்தது. அடுத்த கிராம சபைக்கு அந்தப் பாட்டி வரவில்லை.

மகாராஷ்டிராவில் இதே பாட்டிக்கு ஒரு ஓட்டு இருக்கிறது. அங்கே ஒரு ஊரில் வாக்காளர்களில், அல்லது பெண் வாக்காளர்களில், கால்வாசிப் பேர் எழுதிக் கொடுத்தால் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். வாக்குச் சீட்டில் இரண்டு படங்கள், நிற்கும் பாட்டில் ஒன்று, படுத்த பாட்டில் ஒன்று. படுத்த பாட்டிலுக்குப் பாதிக்கு மேல் விழுந்தால் கடைக்குப் பூட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிற சீட்டு. பட்டியலில் உள்ள மொத்தப் பேரில் பாதி என்று கணக்கு வைத்ததால் ஜெயிப்பது கஷ்டம் என்ற குறை அங்கே உண்டு. நாம் வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அதே மாநிலத்தில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. கட்சிரோலி மாவட்டத்தில் மக்கள் இயக்கம் நடந்து 1993இல் மதுவிலக்கு வந்தது, நிற்கிறது. பக்கத்து சந்திரபூரில் 2015இல் அரசு மாவட்டம் முழுவதற்கும் தடை போட்டது; கள்ள விற்பனை பெருகிவிட்டது என்று 2021இல் எடுத்துவிட்டது. சந்திரபூர்த் தடைக்கும் பெண்கள் போராடினார்கள் என்பதை மறைக்கக் கூடாது. என்றாலும் தடையைக் காவல் காக்க ஊரில் ஆள் இருப்பதும், தாலுகா போலீஸை மட்டும் நம்பி இருப்பதும் ஒன்றல்ல. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் 1992இல் எழுத்தறிவு வகுப்பில் படிக்க வந்த பெண்கள்தான் சாராயக் கடையை ஊரைவிட்டு விரட்டினார்கள். தாங்களே மூடிய கடையை அவர்கள் இரவு பகலாகக் கண்காணித்தார்கள்.

இந்த வழிக்கும் ஓட்டை உண்டு, பெரிய ஓட்டை. ஊர்த் தெரு மறுத்த கடை எங்கே போகும்? நம் ஊர்களைத் தெரிந்தவர்களுக்கு விடை தெரியும். தலித் மக்கள் வாழும் காலனி ஓரத்துக்குப் போகும். பல இடங்களில் இப்போதே அங்கேதான் இருக்கிறது. ஊர்த் தெருவின் பெண்கள் ஜெயிப்பதும் காலனிப் பெண்கள் தோற்பதும் ஒரே நாளில் நடந்தால் அதை நான் ஜனநாயகம் என்று சொல்லமாட்டேன். அதனால் மூடப்பட்ட கடையை அதே ஊராட்சிக்குள் வேறு இடத்தில் திறக்கக் கூடாது. அடுத்த ஊராட்சிக்கு மாற்ற வேண்டுமென்றால் அங்கேயும் வாக்கெடுப்பு வேண்டும். காலனிக்கு நூறு மீட்டருக்குள் என்றால் காலனிக்காரர்களின் சம்மதம் தனியாக வேண்டும். இந்த விதிகள் இல்லாமல் வாக்கெடுப்பைக் கொண்டுவர நான் கை தூக்கமாட்டேன்.

பக்கத்து ஊருக்குக் கூட்டம் போகும் என்பார்கள். போகும். ஆனால் பத்துக் கிலோமீட்டர் போய்க் குடிப்பவரின் எண்ணிக்கை, பஸ் நிறுத்தத்திலேயே குடிப்பவரின் எண்ணிக்கையைவிடக் குறைவுதான். வேலை முடிந்து கூலியோடு இறங்குகிற இடத்தில் கடை இல்லாதது சின்ன விஷயம் அல்ல. குடித்துவிட்டு வண்டியில் திரும்புவார்களே என்ற பயம் எனக்கும் இருக்கிறது, அதற்கு இரவில் சாலையில் சோதனை கூட வேண்டும்.

நகரத்து நண்பர் ஒருவர், அளவாகக் குடிப்பவர், “என் காசு, என் உடம்பு, ஊர் யார் கேட்க?” என்றார். நியாயம்தான். அவருக்கு இந்த வழியில் கதவு சாத்தப்படவில்லை. கடை இருக்கும் ஊர்கள் இருக்கும். அவருடைய விருப்பத்துக்கும் சூளைப் பாட்டியின் விருப்பத்துக்கும் ஒரே எடை கொடுக்கிற வழி இது ஒன்றுதான்.

எதை முதலில் செய்வது

நான் எடுக்கும் முடிவு ஊர் வாக்கெடுப்பு. முழு மதுவிலக்கை நான் ஒரு கெட்ட கனவாக நினைக்கவில்லை. ஊர் ஊராக மூடிக்கொண்டே போய் ஒரு நாள் அங்கே போய்ச் சேர்ந்தால் மகிழ்ச்சிதான். மேலிருந்து ஒரே நாளில் வருவதைத்தான் பயப்படுகிறேன்.

ஆனால் வாக்கெடுப்புக்கும் முன்னால் வர வேண்டியது படுக்கை. மறுநாள் காலை கை நடுங்குகிறவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம். சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை மருத்துவமனை, குடி ஒரு நோய், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதை நாற்பது வருடத்துக்கு மேலாகச் செய்து காட்டுகிறது. குடிப்பவரைச் சேர்க்கும்போதே குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேசுவது அவர்கள் முறை. அது கடலூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் கோட்டைப்பட்டினத்துக்கும் வர வேண்டும். மது வருமானம் 45,855 கோடியில் ஒரே ஒரு சதவீதம் என்றால் 458 கோடி. 38 மாவட்டங்களுக்குப் பிரித்தால் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு 12 கோடி. மாவட்ட மருத்துவமனையில் தனி வார்டு, தாலுகா மருத்துவமனையில் நாலு கட்டில், மாத்திரை, ஊசி, வீட்டுக்கு வந்து பார்க்கிற ஒரு ஆலோசகர். இதைச் செய்யச் சட்டம் மாற்ற வேண்டியதில்லை, எந்த மாநில எல்லையும் குறுக்கே வராது, எந்தக் கட்சியும் எதிர்க்காது. முழு மதுவிலக்கு வேண்டும் என்பவரும், கடை இருக்கட்டும் என்பவரும், கள் கேட்பவரும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒரே விஷயமும் இதுதான்.

வார்டு தயாராகி ஆறு மாதம் கழித்து அந்த மாவட்டத்தில் வாக்கெடுப்பைத் தொடங்கலாம். அந்த ஆறு மாதத்தில் பாக்கெட் சாராயம் விற்கும் வீடுகள் எவை என்று ஊருக்குத் தெரிந்ததைப் போலீஸும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சித்தப்பா அந்த ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் இருந்தார். திரும்பி வந்து மூன்று மாதத்தில் மறுபடி குடித்தார், மறுபடி சேர்த்தோம், இரண்டாம் முறை நின்றது. இன்று எட்டு வருடம் ஆகிறது. மாதம் ஒரு நாள் மாத்திரைக்குப் போகிறார். கடை இன்னும் அதே பஸ் நிறுத்தத்தில் இருப்பதால், சித்தி ஒரு நிறுத்தம் முன்னாலேயே அவரை இறக்கி, வயல் வரப்பு வழியாக வீட்டுக்கு நடத்திக் கூட்டி வருகிறார்.